பாலத்துக்குக் குறுக்கே ஒரு டிராக்டர்

"யோவ், பேஜாரு பண்ணாதய்யா! டிராக்டர ஓரங்கட்டு!"

கண்டக்டர் கோபி தொண்டை கிழியக் கத்தியும் டிராக்டர் அசையவில்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டைகளோடு, பாலத்தின் முனையில் குறுக்காக நின்றது. முன்சக்கரத்தில் காற்று இல்லை. டூவீலர் மட்டும் நுழையலாம். பின்னால் பஸ், ஜல்லி லாரிகள், வேன்கள்.

டிராக்டர்காரர் ஸ்ரீசந்திரன் நயினார் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏன் நயினாரே, மல்லாட்டை நனைஞ்சா விக்கிரவாண்டி மார்க்கெட் கமிட்டியில எவன் எடுப்பான்? அதுக்காகவாவது ஜல்தியா கெளம்பக் கூடாதா?" என்றாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேணி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டூட்டி.

"டயரு வால்வு எங்கியோ விழுந்துடுச்சும்மா. தேடிக்கினு இருக்கேன்."

"வானத்துலயா விழுந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

திண்டிவனத்திலிருந்து ஜீப்பில் வந்த அலெக்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. பாலத்துக்கு அடியில் பொருத்திய சென்சார் பெட்டிகளைக் கவனிக்கும் இன்ஜினீயர் அவன். தூண் அசைந்தாலோ விரிசல் விட்டாலோ, வயர் இல்லாமலே அவன் போனுக்குத் தகவல் வந்துவிடும். பாலத்து முனையில் சிவப்பு விளக்கும் எரியும்.

காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

போன மழைக்கு இப்படித்தான் பெட்டியை நம்பிப் பாலத்தை மூடினான். கடைசியில் ஒன்றுமில்லை. மெமோதான் மிச்சம்.

போன் அடித்தது. அதிகாரி.

"பெட்டிய மாத்திட்டியா? மேலருந்து கேக்கறாங்கப்பா. லைட்ட அணைச்சிட்டு வண்டிங்கள விடு."

"ஒரு டிராக்டர் மறிச்சிக்கினு நிக்குது சார். இதோ பாக்கறேன்."

அலெக்ஸ் டிராக்டரிடம் ஓடினான். "ஐயா, எங்கிட்ட பம்பு இருக்கு, வால்வு இருக்கு. இப்பவே போட்டுடலாம்."

"வேணாங்க. மச்சான் கொண்டாருவான்."

"அவரு எங்க?"

"அந்தக் கரையிலங்க. அவன் டிராக்டரும் பஞ்சரு."

அலெக்ஸ் எட்டிப் பார்த்தான். பாலத்தின் அந்த முனையிலும் ஒரு டிராக்டர், இதே மாதிரி குறுக்காக. நடுவே பாலம் வெறிச்சோடிக் கிடந்தது.

தூறல் மூட்டைகள்மேல் விழ ஆரம்பித்தது. ஸ்ரீசந்திரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

"வேணும்னே பண்றீங்களா? போலீஸக் கூப்பிடட்டுமா?"

ஸ்ரீசந்திரன் குரலைத் தாழ்த்தினார். "செவப்பு லைட்டப் பாத்துட்டு, கம்பத்துல இருக்கற நம்பருக்குக் காலையில போன் பண்ணேங்க. பெட்டிக் கோளாறு, ஒண்ணும் ஆவாது, போங்கன்னாங்க. ஆபீஸே சொல்லிட்ட பொறவு, நான் கைய காட்டினா எவன் நிப்பான்? அதான் டிராக்டர நிறுத்திட்டேன்."

காலையில் அந்தப் போனை எடுத்தவன் அலெக்ஸ்தான்.

ஸ்ரீசந்திரன் சட்டைப் பையிலிருந்து வால்வை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"கோளாறுதான்னா மாட்டிடறேங்க. மொதல்ல நீங்க ஜீப்ப ஓட்டிக்கினு போங்க. பின்னாலயே பஸ்ஸ அனுப்பறேன்."

அலெக்ஸ் போனைப் பார்த்தான். பெட்டி காட்டும் எண் காலையில் இருந்ததைவிட ஏறியிருந்தது. பஸ்ஸைப் பார்த்தான். மழைக்கு உள்ளே ஏறிக்கொண்ட வேணி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய் ஜீப்பைக் கிளப்பினான். கோபி விசிலை ஊதினார். பஸ் உறுமியது.

ஜீப் டிராக்டரை ஒட்டி வந்து, மிச்சமிருந்த வழியையும் அடைத்துக்கொண்டு குறுக்காக நின்றது.

மறுபடியும் போன். "இன்னுமா வண்டிங்கள விடல?"

அலெக்ஸ் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இறங்கி, ஜீப்பின் முன்சக்கரத்தருகே குனிந்தான். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"முடியாது சார். என் ஜீப்பும் பஞ்சர்."