காலில் பட்டது

காலில் எது பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் முப்பிடாதி. பாழாய்ப்போன பழக்கம். புத்தகம், பக்கத்தில் இருப்பவளின் கால், பயிற்சியில் சாஃப்ட்பால் பந்துகூட. "பந்துக்குமாடி?" என்று டீமே சிரிக்கும்.

இறுதி ஆட்டத்தில் அவள் மூன்றாம் பேஸை நோக்கி ஓடும்போது, தோழி அடித்த பந்து உருண்டு வந்து அவள் ஷூ நுனியை உரசிக்கொண்டு திசை மாறியது. அடித்த பந்து ஓடுகிறவள்மேல் பட்டால் அவள் அவுட். அம்பயர் கவனிக்கவில்லை. முப்பிடாதி நிற்காமல் ஓடி வெற்றி ரன்னை எடுத்துவிட்டாள்.

பந்தைப் பிடிக்கக் குனிந்திருந்த எதிரணிப் பெண் மட்டும் அழுதுகொண்டே வந்தாள். "சார், அவ கால்ல பட்டுச்சு சார்."

அம்பயர் பந்தோடு முப்பிடாதியிடம் வந்தார். "பட்டுச்சாம்மா?"

கோச் லூர்து மிஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படல சார்."

"சரி. ஜெயிச்ச பந்து, நீயே வச்சுக்கோ."

வாங்கினாள். அவளைக் கேட்காமலே வலது கை பந்தைத் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு இறங்கியது.

"பக்தியப் பாரு!" என்று அம்பயர் சிரித்தார்.

அதுவரை கத்திக் குதித்துக்கொண்டிருந்த அவளுடைய டீமில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.