பச்சை மப்ளர்

“இதைவிட மலிவா இல்லையா பாய்?” என்று கேட்டாள் அம்சம்.

“இதுவே மட்டமான அக்ரிலிக் நூலும்மா. ரெண்டு துவைப்பு தாங்காது,” என்றார் வலங்கைமான் கடைக்காரர் சேக் தாவூது.

“போதும். பச்சையில இருக்கிறது பூராவும் கட்டுங்க.”

“தெருவுக்கே மப்ளர் பின்னப் போறியாம்மா?”

“ஆமா பாய். பனி தாங்கல.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தெருக்காரர்களின் குத்தகையைப் பிடுங்கிக்கொண்ட மிராசுதாரின் வயலில் இருட்டில் யாரோ செங்கொடி நட்டிருந்தார்கள். அவருடைய நிலத்தைக் கவனித்துக்கொள்ளும் காரியக்காரர் பார்த்தது ஒரு பச்சை மப்ளரை மட்டும்தான், முகம் தெரியவில்லை. அது அம்சத்தின் புருஷன் வீரையன் என்று தெருவுக்குத் தெரியும். அவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று பெண்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து பின்னினார்கள்.

போலீஸ் வந்த காலையில் பார்த்த பக்கமெல்லாம் ஆண்களின் கழுத்து பச்சையாக இருந்தது.

“இதுல எவன்யா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

காரியக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“சரி, மப்ளர் போட்ட அத்தனை பேரையும் வண்டியில ஏத்து.”

வண்டி போன பிறகு, தெருவில் வெறுங்கழுத்தோடு வீரையன் மட்டும் நின்றான். பெண்கள் அம்சத்தைப் பார்த்தார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று, அவனுடைய மப்ளரை விடியற்காலையிலேயே அவள் அடுப்பில் போட்டிருந்தாள்.