வியாழக்கிழமை மீன்

முன்னாள் கால்பந்து வீரர் கோல்டோ, வியாழக்கிழமைதோறும் சவரம் செய்து, சென்ட் போட்டுக்கொண்டு கிளம்புவார். கேட்டால், “கடலுக்கு, மீன் பிடிக்க” என்பார்.

“சென்ட் வாசத்துக்கு மீன் மயங்குதாக்கும்!” என்று குத்திய மனைவி நெகானே, ஒரு வியாழனன்று அவர் பின்னாலேயே போனாள்.

கடலே இல்லாத அஸ்பெய்தியா ஊரில், ஒரு வீட்டில் ஓர் இளம்பெண் கதவைத் திறந்து அவரைக் கைபிடித்து அழைத்துப் போனாள். நெகானே ஆவேசமாக உள்ளே புகுந்தாள்.

அங்கே ஒரு கிழவர் கோல்டோவின் கையைப் பற்றி அழுதுகொண்டிருந்தார். முப்பது வருடம் முன்பு மைதானத்தில் கோல்டோவின் முழங்காலை உதைத்து முறித்த இமானோல்! அதோடு கோல்டோவின் ஆட்டமே முடிந்தது. அந்தப் பெயரைக் கேட்டாலே நெகானே காறித் துப்புவாள்.

“மன்னிச்சிடுடா, கோல்டோ.”

“மன்னிச்சிட்டேன்டா.”

“இவனையா மன்னிச்சே?” என்று நெகானே கத்தினாள்.

இளம்பெண் தணிந்த குரலில் சொன்னாள்: “அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா. அந்த உதை மட்டும்தான் ஞாபகமிருக்கு. இவர் மன்னிச்சதுகூட மறந்துடுது. அதான் வாராவாரம் வந்து மன்னிச்சிட்டுப் போறார்.”