ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்

அந்தத் துப்பறியும் தொடரின் பத்து எபிசோடும் ஒரே நாளில் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு சட்டம். ஞாயிறுதோறும் ஒன்றுதான், அதையும் எல்லோரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். திருட்டுத்தனமாக முன்கூட்டிப் பார்ப்பவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

மூன்றாவது எபிசோட் முடிந்ததும் கணவர் பொரிந்து தள்ளினார்.

“இவனெல்லாம் ஒரு டிடெக்டிவா? சரியான தத்தி!”

“எவ்வளவு நிதானமா யோசிக்கிறான்! அது பிடிக்கலையா உங்களுக்கு?” என்றேன்.

“கிழிச்சான்! கொலை பண்ணது இடதுகைக்காரன். அந்த டிரைவரும் இடதுகைக்காரன். இதுகூடவா தெரியாது?”

“அத்தை, உங்க பிள்ளை பேசுறதைக் கேட்டீங்களா?”

மாமியார் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். “இந்தக் கண்றாவியெல்லாம் எனக்குப் புரியாதும்மா. ஆளை விடு.”

நான் பள்ளிக்கூட டீச்சர். பிட் அடிப்பவன் பக்கத்தில் இருந்தாலே எனக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

“இருங்க. டிரைவர் இடதுகைக்காரன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவன் இடது கையால கையெழுத்துப் போடுறதே அஞ்சாவது எபிசோட்லதானே!”

கணவர் அவசரமாக ரிமோட்டைத் தேடினார். ஒரு மாதத்துக்குப் பாத்திரக் கவலை விட்டது என்று துள்ளி எழுந்தேன்.

“உட்காரு,” என்றார் மெதுவாக. “அஞ்சாவது எபிசோட்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்கதான் முதல்ல!”

“இல்ல, நீதான்!”

மாமியார் கண்ணைத் திறந்தார்.

“அட, சும்மா இருங்க ரெண்டு பேரும். அந்த டிரைவர் ஒரு அப்பாவி. எட்டாவது எபிசோட்ல அவனையும்தானே கொன்னுடுறாங்க!”