இருபத்து மூன்று நாள் ஆஜர்

இந்தக் காலத்தில் வந்தவனை யார் என்று எவனும் கேட்பதில்லை. சட்டையைப் பார்க்கிறான், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று பார்க்கிறான், அவனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான். படிக்கிற பிள்ளைகள் இதில் இன்னும் மோசம்.

விடுதியின் இரண்டாம் மாடி, கடைசி அறை. கதவு திறந்துதான் கிடந்தது. பெரியவர் ஒருவர் நிலையில் தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் கல்லூரி முத்திரை குத்திய ஒரு தாள்.

தரையில் ஒரே புத்தகத்தைச் சுற்றிப் படுத்திருந்த மூன்று முதலாம் ஆண்டுப் பையன்களும் துள்ளி எழுந்தார்கள். ப்ராக்ஸி கொடுக்கிறவர்களைப் பிடிக்க ஆபீஸிலிருந்து ஆள் வரப்போவதாக ஒரு வாரமாகவே பேச்சு. வகுப்புக்கு வராதவன் எண்ணைக் கூப்பிடும்போது இன்னொருவன் "பிரசெண்ட் சார்" என்று குரல் கொடுத்தால் அதுதான் ப்ராக்ஸி.

"வாங்க சார், உக்காருங்க சார்," என்றான் குண்டு.

பெரியவர் உட்காரவில்லை. "இந்த ரூம்ல நாலு பேராச்சே. இன்னொருத்தன் எங்க?"

"பாத்ரூம்ல சார்."

"லைப்ரரில சார்," என்றான் அதே நேரத்தில் சோடாபுட்டி.

தாடிதான் சமாளித்தான். "லைப்ரரி பாத்ரூம்ல, சார்."

"ஒரு பொய்யைக்கூட மூணு பேரும் பேசி வச்சுக்கத் தெரியல. நீங்கள்லாம் என்ன படிச்சுக் கிழிக்கப் போறீங்க?"

நான்காவது கட்டிலில் போர்வை மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் கால்மாட்டில் ஒரு ஸ்டூல்.

"இது எதுக்கு?"

"நெட்டைக்குக் கட்டில் பத்தாது சார். கால் வெளிய தொங்கும். அதான் நாங்க முட்டுக் குடுத்தோம்."

பெரியவர் அந்த ஸ்டூலையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒழுங்கா சாப்பிடுறானா?"

மெஸ் டோக்கன்களையும் தோண்டப் போகிறார் என்று குண்டுக்கு வியர்த்தது. "மூணு வேளையும் சார். தட்டு நிறைய." தட்டு காலியானது என்னவோ உண்மைதான். நெட்டையின் பங்கையும் அவன்தான் தின்றுகொண்டிருந்தான்.

பெரியவர் தாளை நீட்டினார். "ஒரு நாள்கூட லீவு இல்லன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னிக்குக் காலையிலகூட இருந்தானாம். காயிதத்துல என்னத்த வேணாலும் எழுதலாம். ஆள் எங்க?"

சோடாபுட்டி அவசரமாக நெட்டையின் ரெக்கார்டு நோட்டை எடுத்துக் கொடுத்தான். "பாருங்க சார், ஒண்ணு விடாம எழுதியிருக்கான்."

பெரியவர் பக்கங்களைப் புரட்டினார். படிக்கவில்லை, பார்த்தார்.

"இதுவரைக்கும் ஒருத்தன் எழுத்து. இங்கேருந்து வேற ஒருத்தன். இது மூணாவது ஆளு. உங்க நெட்டைக்கு எத்தன கை?"

முதலில் உடைந்தவன் தாடி. "சார், ரிப்போர்ட் மட்டும் பண்ணிடாதீங்க. அவன் வீட்டுக்குப் போயிருக்கான்."

"எந்த வீட்டுக்கு?"

"அவன் வீட்டுக்குத்தான் சார். இருபத்து மூணு நாளாச்சு. டெஸ்ட் மார்க் ஒட்டுன அன்னிக்குச் சாயந்திரம். எல்லாப் பாடத்துலயும் ஃபெயில். போர்டு முன்னாடியே ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் ரூமுக்கு வந்து, அப்பாவுக்கு ரொம்ப முடியல, ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க, போயிட்டு வரேன்னு சொன்னான்."

"பெட்டி எடுத்துக்கிட்டானா?"

"இல்ல சார். போட்ட சட்டையோட போனான்."

"போன் பண்ணிக் கேக்க மாட்டீங்களா?"

"ஆஃப்ல இருந்துச்சு சார். ஆஸ்பத்திரில அலையறவனை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டோம்." குண்டு மூக்கை உறிஞ்சினான். "அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாங்க. அதனால மூணு பேரும் முறை வச்சு அவனுக்குக் குரல் குடுத்தோம். இந்தப் புத்தகத்தைக்கூட அவனுக்குச் சொல்லிக் குடுக்கத்தான் படிச்சுக்கிட்டிருந்தோம் சார். வந்ததும் ஒரே வாரத்துல முடிச்சிடலாம்."

பெரியவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வரலன்னு போட்டிருந்தா, மூணாம் நாளே வீட்டுக்கு ஆபீஸ்லேருந்து போன் போயிருக்கும். இல்லையா?"

"ஆமா சார். நல்லவேளை, போகல. அங்க இருக்கற நெலமையில அது வேறயா?"

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பெரியவர் கதவை நோக்கி நடந்தார்.

"நாங்க சொல்றதை நம்பலையா சார்?"

"நம்புற மாதிரி இதுவரைக்கும் என்ன சொன்னீங்க?" குனிந்து நிலையைத் தாண்டி வெளியே போனார்.

தாடி விடவில்லை, வராந்தாவில் பின்னாலேயே ஓடினான். "சத்தியமா சார்! சந்தேகமா இருந்தா அவங்க அப்பாவையே கேட்டுப் பாருங்க!"

பெரியவர் நிற்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. படிக்கட்டை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்:

"நான்தாம்பா அவன் அப்பா."