டோலிக்காரன் பதக்கம்

தெரு முனைக்கு வந்ததும் அவன் நின்றான். சட்டையைக் கழற்றவில்லை.

ஊர்த்தெருவுக்குள் நுழையுமுன் சேரி ஆண்கள் மேல்துணியை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் அப்பன் கட்டினான். பர்மா சண்டைக்குக் கப்பலேறும் வரை அவனும் கட்டினான்.

இப்போது சட்டையில் ஒரு பதக்கம் தொங்கியது.

வெண்கலம். துப்பாக்கி பிடித்தவர்களுக்கு வெள்ளி. அவன் டோலி தூக்கியவன். அடிபட்ட சிப்பாய்களை மழையிலும் சேற்றிலும் சுமந்த தோளுக்கு வெண்கலம் போதும் என்று சர்க்கார் நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஒரு பக்கம் மகாராணியின் தலை. விளிம்பில் அவன் பெயர். படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துக்கொள்வான்.

வந்த புதிதில் ஊருக்குப் பயந்து அதை இடுப்புத் துணியில் குத்திப் பார்த்தான். தொப்புளுக்குக் கீழே மகாராணி ஆடினாள். அவன் பெண்டாட்டி கன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று அவள் சிரிக்கவில்லை. தோளில் துண்டு போட்டதற்காக அவளுடைய அண்ணனை இதே தெருவில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள்.

"வேணாய்யா. வயக்காட்டு வழியா சுத்திக்கினு சந்தைக்குப் போயிடலாம்."

அவன் நடந்தான். அவள் தள்ளிப் பின்னால் வந்தாள்.

 

மணியக்காரர் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வேப்பங்குச்சி வாயிலேயே நின்றது.

"என்னடா இது, சட்டை?"

"பதக்கத்த மாருல குத்திக்கணும்னு பட்டாளத்து உத்தரவு, ஆண்டே. வெறும் மாருல குத்துனா வலிக்குமே."

அப்படி ஓர் உத்தரவு இருந்ததா என்பது அவனுக்கே வெளிச்சம்.

மணியக்காரர் பதக்கத்தைப் பார்த்தார். அவருடைய மணியமும் மகாராணியின் பெயரால் வந்ததுதான். அவள் தலையைக் கழற்றடா என்று எந்த வாயால் சொல்வது?

 குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சந்தையில் உப்பும் கருவாடும் வாங்கினார்கள். கன்னியம்மாவுக்கு உயிர் திரும்பியிருந்தது.

திரும்பும்போது மறுபடி அந்தத் தெரு. சேதி பரவி, இப்போது வாசலுக்கு வாசல் ஆட்கள். பதக்கத்தைப் பார்க்க ஆவலாகத்தான் நின்றார்கள்.

அவன் தெரு முனையில் நின்றான். பதக்கத்தைக் கழற்றினான்.

பயந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். பாவமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அவன் பதக்கத்தை மட்டும் அந்தக் கையில் வைத்தான்.

"முந்தானையில முடிஞ்சுக்க."

அவள் முடிந்துகொண்டாள். அவன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு தெருவின் நடுவில் நடந்தான்.

அவள் எட்டி நடந்து அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.