முழு ஆதரவுத் தெரு

தான் குடியிருக்கும் தெருதான் நாட்டின் தலையெழுத்தையே மாற்றப்போகிறது என்று கட்சியின் வட்டச் செயலாளர் நம்பினார். தெருவில் அவர் வீட்டையும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு வீடுகள். அத்தனை ஓட்டும் தங்கள் வேட்பாளருக்கு விழுந்தால் செயலாளருக்குப் பெரிய பதவி என்று தலைமை வாக்குக் கொடுத்திருந்தது.

ஓட்டுக் கேட்டுப் போன முதல் பத்து வீடுகளிலும், "உங்க ஆளுக்குத்தான்!" என்று கைகுலுக்கி அனுப்பினார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி வீட்டுத் தையல்காரம்மா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்ம தெரு பக்கத்துத் தொகுதிக்குப் போய் மூணு தேர்தல் ஆச்சேண்ணே! உங்க ஆளுக்கு இங்க யாரும் ஓட்டுப் போட முடியாதே!"

"அப்புறம் ஏம்மா எல்லாரும் அவ்வளவு பாசமாப் பேசினாங்க?"

"போட வேண்டியதில்லைன்னா பாசத்துக்கு என்னண்ணே குறைச்சல்? அது கிடக்கட்டும், உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

அந்த மூன்று தேர்தல்களிலும் செயலாளர் ஓட்டுப் போடப் போகவில்லை.